கல்யாணம் இல்லாத மாதங்கள்

ஆடி பிறந்துவிட்டால் எங்கள் தொழிலில் காசு ஓட்டம் நின்றுவிடும். திருநெல்வேலியில் பாளையங்கோட்டை, டவுன், ஜங்ஷன் என்று எந்தப் பக்கத்துக் கல்யாணப் போட்டோகிராபரைக் கேட்டாலும் இதைத்தான் சொல்வார். ஆடியில் முகூர்த்தம் கிடையாது. புரட்டாசியில் பெரும்பாலும் கிடையாது. மார்கழியைப் பற்றிப் பேசவே வேண்டாம். லெந்து நாட்களில் சர்ச்சிலும் கல்யாணம் வைக்கமாட்டார்கள், நோன்பு மாதத்தில் நிக்காஹ் ரொம்பக் குறைவு. ஆல்பம் பாக்கியை வசூலிப்பதும், லென்ஸுக்குள் பூஞ்சை பிடித்திருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பார்ப்பதுமாகப் பொழுது போகும்.

ஆனால் திருநெல்வேலிச் சீமை முழுசாக வீதிக்கு வருவது இந்த மாதங்களில்தான். ஆடி அமாவாசைக்குச் சொரிமுத்தையனாரைப் பார்க்க வண்டி வண்டியாகச் சனம் காரையாறு ஏறும். ஊர் ஊராகக் கொடை என்கிற கோயில் விழா நடக்கும். புரட்டாசியில் தசரா. மார்கழியில் விடியுமுன்னே பஜனையும் வாசல் நிறையக் கோலமும், அதே மாதம் ராத்திரியில் கேரல் பாடிக்கொண்டு வீடு வீடாக வரும் பிள்ளைகளும். ஆர்டர் இல்லாமல் பையில் கிடந்த கேமராவைத் தூக்கிக்கொண்டு நான் ஊரைப் படமெடுக்கத் தொடங்கியது இப்படித்தான். இதில் வருமானம் கிடையாது. ஆனால் வருமானம் தரும் வேலையைவிட இதைப் பற்றித்தான் அதிகம் யோசிக்கிறேன்.

கல்யாண வீட்டில் நான் எடுக்கும் ஒவ்வொரு படத்துக்கும் ஒரு விலாசம் இருக்கிறது. மறுவீட்டுச் சொதிச் சாப்பாட்டுப் பந்தியில் மூன்றாவது இலையில் உட்கார்ந்திருக்கும் மாமாவை விட்டுவிட்டால், ஆல்பம் வந்த அன்றைக்கே போன் வரும். யார் பார்க்கப்போகிறார்கள், யாரைத் தேடுவார்கள் என்று தெரிந்தே எடுக்கிறோம். ஊர்த் திருவிழாப் படத்துக்கு அந்த விலாசம் இல்லாமல் போய்விட்டது. யாரோ எடுக்கிறார்கள், எங்கோ போடுகிறார்கள், படத்தில் இருப்பவர் ஜென்மத்துக்கும் அதைப் பார்ப்பதில்லை. யாரை எடுப்பது, எங்கே நின்று எடுப்பது, எதை எடுக்காமல் விடுவது என்பதெல்லாம் இந்த விலாசத்தில்தான் தொங்குகிறது என்பது என் கட்சி.

ஆனித் தேரையே எடுத்துக்கொள்வோம். நெல்லையப்பர் கோயில் ஆனிப் பெருந்திருவிழாவின் ஒன்பதாம் நாள், நாலு ரத வீதியும் தலைகளாக நிறைந்திருக்கும். பிள்ளையார், முருகன், சுவாமி, அம்பாள், சண்டிகேசர் என ஐந்து தேர். சுவாமி தேர் தமிழ்நாட்டின் பெரிய தேர்களுள் ஒன்று, எந்திரம் எதுவும் தொடாமல் ஆள்பலத்திலேயே நகர்வது. அன்றைக்கு வரும் படங்களில் முக்கால்வாசி ஒரே படம்: ஏதாவது ஒரு மொட்டைமாடியிலிருந்து, நடுவில் தேர், பின்னால் கோபுரம், கீழே கூட்டம். நல்ல படம்தான், குறை சொல்லமாட்டேன். போன வருசத்துப் படத்தையும் இந்த வருசத்துப் படத்தையும் மாற்றிவைத்தால் யாருக்கும் தெரியாது, அவ்வளவுதான்.

நான் நிற்பது தேருக்குப் பின்னால். தடி போடுகிறவர்கள் இருக்கும் இடம். வடம் பிடிப்பவர்களுக்குக் கூட்டமும் கோஷமும் துணை. தேர் ஒரு இடத்தில் இறுகி நின்றுவிட்டால் அதை அசைத்துக் கொடுப்பது தடி. ஆள் உயரத்தைவிட நீண்ட கனத்த மரத்தைச் சக்கரத்துக்கு அடியில் முட்டுக்கொடுத்து, மறுமுனையை நாலைந்து பேர் சேர்ந்து அழுத்துவார்கள். சக்கரம் ஒரு சாண் நகர்ந்ததும் தடியை உருவி, ஓடி, மறுபடி கொடுக்க வேண்டும். முன்னால் சறுக்குக்கட்டைக்காரர்கள் தேர் திரும்ப வேண்டிய திசைக்குக் கட்டையைப் போட்டு எடுத்துக்கொண்டே வருவார்கள். ஒரு நொடி பிசகினால் கை போய்விடும். தேரோட்டம் முடிந்தபின் அந்தத் தடிகளைக் கிட்டப்போய்ப் பார்த்திருக்கிறேன். சக்கரம் ஏறிய முனை நசுங்கி, தேங்காய் நார்போலப் பிரிந்து தொங்கும். பிடித்த முனை உள்ளங்கை பட்டு வழவழவென்று கறுத்திருக்கும். ஒரே மரத்தின் இரண்டு முனைகள். ஆனித் தேரைப் பற்றி நான் எடுத்த படங்களில் எனக்குப் பிடித்தது அதுதான்.

அங்கே நிற்பதற்கு ஒரு முறை உண்டு. அகல லென்ஸை மாட்டிக்கொண்டு சக்கரத்தை ஒட்டிக் குனிந்தால் படம் பிரமாதமாக வரும் என்பது உண்மை. ஆனால் அந்த இடம் கட்டைக்காரரின் இடம். அவர் பின்வாங்க வேண்டிய ஒரு எட்டில் நாம் உட்கார்ந்திருக்கக் கூடாது. "ஏல தம்பி, உன் படத்துக்கு நான் காலைக் குடுக்கணுமாக்கும்" என்று ஒருவர் ஒரு பையனை அதட்டியதைக் கேட்டபிறகு, 85 எம்எம் லென்ஸோடு எட்ட நிற்பதே சரி என்று முடிவுசெய்துகொண்டேன். ஆனி ஆடியில் செங்கோட்டைக் கணவாய் வழியாக வரும் காற்று மேகத்தை விரட்டிக்கொண்டே இருக்கும். ஒரு நிமிசம் சுள்ளென்ற வெயில், அடுத்த நிமிசம் நிழல். வெளிச்சம் சட்டென்று நாலு மடங்கு ஏறி இறங்கும். ஒரே அளவில் பூட்டிவைத்துக்கொண்டு எடுக்க முடியாது. நிழல் விழும் நேரத்துக்குக் காத்திருந்தால், வேர்த்த முகத்தில் கறுப்பு கறுப்பாகவும் கண் கண்ணாகவும் வரும்.

கொடைக்குப் போனால் இன்னும் நிதானம் வேண்டும். சுடலைமாடன் கோயில் கொடை அந்த ஊர்க்காரர்கள் வரி கொடுத்துத் தங்களுக்காக நடத்துவது. வேடிக்கை பார்க்க வருகிறவனுக்காக நடப்பதில்லை. போனதும் கேமராவை எடுக்காமல் முதலில் வரி வசூலிக்கும் பெரியவர்களிடம் போய் நின்று, இன்ன ஊர், இன்ன ஆள் என்று சொல்லிவிட வேண்டும். ஒரு ஊரில் பெரியவர் கேட்டார்: "படம் புடிக்கிய, சரி. எங்களுக்கு என்ன குடுப்பிய?" காசு கேட்கிறார் என்று கூட வந்த நண்பன் நினைத்தான். அவர் கேட்டது படத்தை. முன்னால் வந்தவர்கள் எடுத்துக்கொண்டு போனார்கள், ஒருவரும் திரும்பவில்லை என்றார். நியாயமான கேள்வி. எனக்கு இன்றுவரை இந்த வேலையின் சட்டம் அந்தக் கேள்விதான்.

சாமியாடி மேல் சாமி வந்து இறங்கும் நேரம் ஃப்ளாஷ் அடிக்கக் கூடாது. இது தொழில்நுட்ப யோசனையாகவும் சொல்லலாம், பந்தத்தின் மஞ்சள் வெளிச்சம் ஃப்ளாஷில் செத்துவிடும் என்று. ஆனால் காரணம் அதுவல்ல. அந்த நேரம் அவர் முகம் ஊருக்குச் சொந்தமானது, முகத்துக்கு நேரே வெட்டி வெட்டி வெளிச்சம் அடிக்க நமக்கு உரிமை கிடையாது. சில ஊர்களில் நடுராத்திரிச் சாமக்கொடையில் படமே எடுக்க வேண்டாம் என்பார்கள். எடுக்காமல் உட்கார்ந்து பார்த்துவிட்டு வருவேன். அதில் ஒரு நட்டமும் இல்லை.

கொடையில் ஆடும் கணியான் கூத்துக்காரர்கள் விஷயம் வேறு. அவர்கள் கலைஞர்கள், படம் அவர்களுக்கு வேண்டும். அண்ணாவி பாட, மகுடம் என்னும் தோல்வாத்தியம் உச்சம் மந்தம் என்று இரண்டு முழங்க, பெண் வேடம் கட்டிய ஆண்கள் ஆடுவார்கள். ஆட்டத்தைத்தான் எல்லோரும் எடுக்கிறார்கள். ஆட்டத்துக்கு முன்னால் கோயிலுக்குப் பின்புறம் நடப்பதை யாரும் எடுப்பதில்லை. ராத்திரிக் குளிர்ச்சியில் மகுடத்தின் தோல் தளர்ந்துவிடும். குத்துக்காலிட்டு உட்கார்ந்து, காய்ந்த ஓலையைக் கொளுத்தி, தீக்கு மேலே மகுடத்தைச் சுற்றிச் சுற்றிக் காட்டுவார்கள். விரலால் ஒரு தட்டு. காதைச் சாய்த்துக் கேட்பது. திருப்தியில்லை, மறுபடி தீ. அந்த ஓலைத் தீயின் வெளிச்சம் கீழிருந்து மேலாக அவர் தாடையில் விழும், ஐந்தாறு நொடிதான், ஓலை அணைந்துவிடும். அப்படி ஒருவரை எடுத்துப் பெரிய பிரிண்ட் போட்டுக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் அதைச் சுவரில் மாட்டவில்லை. விசிட்டிங் கார்டில் அச்சடித்து, கொடைக்கு ஆர்டர் பேச வருகிறவர்களிடம் நீட்டுகிறார். என் படம் இதைவிட நல்ல இடத்துக்குப் போனதில்லை.

தசரா பற்றிச் சொல்லாமல் முடியாது. பாளையங்கோட்டையில் அம்மன் கோயில்களின் சப்பரங்கள் மின்விளக்கு அலங்காரத்தோடு வரிசைகட்டி வருவதும், கடைசியில் எருமைக்கிடா மைதானத்தில் சூரசம்ஹாரம் நடப்பதும் நான் சின்னப் பிள்ளையிலிருந்து பார்ப்பது. செல்போனில் எடுக்கும் தம்பிகளுக்கு ஒரு உபயோகமான தகவல்: சப்பர விளக்கில் படம் பட்டை பட்டையாக வருகிறது என்றால் குற்றம் போனில் இல்லை. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், அதில் எரியும் விளக்கு நொடிக்கு 100 தடவை கூடிக் குறையும். ஷட்டர் வேகத்தை 1/100 அல்லது 1/50 நொடியில் வைத்தால் ஒழுங்காக வரும். அதைவிட வேகமாக வைத்தால் அம்மன் முகத்தின் குறுக்கே கறுப்புப் பட்டை ஓடும். இப்போது வரும் பிக்சல் எல்இடி சிலது இந்தக் கணக்குக்கும் அடங்காது. அதற்கு இரண்டு மூன்று வேகம் மாற்றிப் பார்ப்பதைத் தவிர வழியில்லை.

குலசை முத்தாரம்மன் தசராவுக்கு மாலை போட்டு வேடம் கட்டுகிறவர்கள் நம் பக்கத்து ஊர்களிலிருந்தெல்லாம் போகிறார்கள். குலசேகரன்பட்டினம் இன்று தூத்துக்குடி மாவட்டம். 1986-இல் பிரிப்பதற்கு முன் எல்லாம் ஒரே நெல்லைதான், வேண்டுதலுக்கு இப்போதும் எல்லை கிடையாது. இங்கே ஒரு வகைப் படத்தின் மேல் எனக்குக் கோபம் உண்டு. காளி வேடம் கட்டியவர் டீக்கடை பெஞ்சில் டீ குடிப்பது, செல்போன் பேசுவது, பைக்கில் பின்னால் உட்கார்ந்து போவது. போட்டிக்கு இந்தப் படம் அனுப்பினால் பரிசு நிச்சயம் என்று ஒரு நம்பிக்கை இருக்கிறது. அந்தக் காளி நாள்கணக்காக விரதம் இருந்து, வெறுந்தரையில் படுத்து, வீடு வீடாகக் காணிக்கை எடுத்து, கனத்த முடியைத் தலையில் சுமந்துகொண்டு வெயிலில் நடக்கிறவர். பிள்ளைக்கு உடம்பு தேறியதற்கோ, வேலை கிடைத்ததற்கோ நேர்ந்துகொண்டவர். ஒரு வாய் டீ குடிக்க உட்கார்ந்த நேரத்தில் அவரை வேடிக்கைப் பொருளாக்குவது எனக்கு உடன்பாடில்லை. அவர் வீட்டுக்குக் காலையிலேயே போங்கள். அம்மா சாயம் குழைத்துக் கொடுக்க, தம்பி முதுகில் கயிறு இறுக்கிக் கட்ட, முடியைத் தலையில் வைப்பதற்கு முன்னால் அவர் கண்ணை மூடி நிற்பார். அந்தப் படம் அவர் வீட்டில் மாட்டப்படும் படம்.

அசனப் பண்டிகைகளுக்கும் இப்படியே போகிறேன். நம் பக்கத்துக் கிறிஸ்தவச் சபைகளில் ஊர் முழுக்க ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடும் நாள். நான் பந்திக்கு முன்னால் அடுப்படிக்குப் போய்விடுவேன். வரிசையாக அண்டாக்கள், விறகுப் புகை, வடித்த சோற்றைப் பாயில் கொட்டிப் பரப்பும் ஆண்கள். புகைக்குள் வெயில் சாய்ந்து விழும் அந்த ஒரு மணி நேரத்துக்கு ஈடான வெளிச்சம் ஸ்டூடியோவில் கிடைக்காது. மேலப்பாளையம் செவ்வாய்க்கிழமைச் சந்தையும் எனக்கு இஷ்டம், அதிலும் பக்ரீத்துக்கு முந்தின வாரம். பழைய தரகர் தோள் துண்டைக் கையில் போட்டு, அதற்கடியில் எதிராளியின் விரலைப் பிடித்து விலை பேசுவார். முகத்தில் ஒன்றும் தெரியாது. துண்டு மட்டும் லேசாக அசையும்.

ஆற்றைப் பற்றி ஒரு வார்த்தை. தாமிரபரணிப் படித்துறையில் விடியற்காலை வெளிச்சம் அழகு என்று கேமராவோடு கிளம்பி வருகிறார்கள். குறுக்குத்துறையில், கைலாசபுரத்தில், வண்ணாரப்பேட்டையில் பெண்கள் குளிக்கிற இடத்தில் லென்ஸை நீட்டுவதற்கு எந்தக் கலைக் காரணமும் போதாது. அவர்களுக்கு அது குளியலறை. நான் ஆற்றுக்குப் போனால் கேமரா பைக்குள்தான் இருக்கும், அவர்கள் கரையேறிப் போகும்வரை.

அதே ஆற்றில் ஆடி மாதம் படமெடுத்தே ஆக வேண்டிய ஒரு நாளும் இருக்கிறது. 1999 ஜூலை 23, மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களுக்காகக் கலெக்டர் ஆபீசை நோக்கிப் போன ஊர்வலத்தில் தடியடி நடந்து, 17 பேர் ஆற்றில் உயிரிழந்தார்கள். ஒவ்வொரு வருசமும் அந்தத் தேதியில் கொக்கிரகுளம் பக்கம் கட்சிக்காரர்களும் அமைப்புகளும் வந்து ஆற்றில் மலர் தூவுவார்கள். தலைவர்கள் வரும்போது கேமராக்கள் மொய்க்கும், போனதும் கலைந்துவிடும். பின்னால் தனியாக வந்து ஒரு கை பூவை நீரில் விட்டுப் போகிறவர்களையும் பதிவுசெய்ய வேண்டும். கிட்டே போகாமல், முகத்தைக் காட்டாமல், பூ விட்ட கையும் ஓடும் தண்ணீரும் மட்டும் தெரிய எடுத்தாலும் போதும். தேதியை மட்டும் மறக்காமல் எழுதிவைக்க வேண்டும்.

தேதி எழுதுவது என்பதை நான் திரும்பத் திரும்ப எல்லோரிடமும் சொல்வதற்குக் காரணம் 2023 டிசம்பர் வெள்ளம். 17, 18 தேதிகளில் கொட்டிய மழையில் ஜங்ஷன் பஸ் ஸ்டாண்டுக்குள் ஆறு புகுந்தது, குறுக்குத்துறை முருகன் கோயில் மூழ்கியது. ஊரில் செல்போன் வைத்திருந்தவர் எல்லோரும் எடுத்தார்கள். அவ்வளவு படமும் வாட்ஸ்அப்பில் கைமாறிக் கைமாறி வந்தது. வாட்ஸ்அப் படத்தைச் சுருக்கும்போது, கேமரா உள்ளே பதிந்துவைத்த தேதி, நேரம், இடம் எல்லாவற்றையும் உரித்துப் போட்டுவிடும். இன்றைக்கு என்னிடம் இருக்கும் வெள்ளப் படங்களில் பாதி எந்தத் தெரு, எந்த நாள் என்று சொல்ல முடியாதவை. தண்ணீர் எந்த வீட்டுத் திண்ணைவரை ஏறியது, எத்தனை மணிக்கு ஏறியது என்று எழுதிய ஒரு மங்கலான படம், எழுதாத நூறு அழகான படங்களைவிட அடுத்த வெள்ளத்துக்கு உதவும். படத்தின் கோப்புக்குள்ளேயே விளக்கம் எழுத வசதி இருக்கிறது. தெரு, தேதி, ஆட்களின் பெயர் என்று மூன்றை மட்டுமாவது அன்றைக்கு ராத்திரியே எழுதிவிடுகிறேன். மறுநாள் என்று தள்ளினால் பெயர் போய்விடும்.

பிரிண்ட் போடுவதும் அப்படித்தான். எல்லாம் போனில் இருக்கும்போது எதற்கு என்கிறார்கள். போன் உடைந்தால் போய்விடும் படத்தை ஆச்சிமார் நம்புவதில்லை, அவர்கள் நம்பாதது சரிதான். மேக்சி சைஸ் பிரிண்ட் ஒன்றுக்கு ஆகும் செலவு ஒரு டீ, ஒரு வடைக்குள்தான். கட்டாகப் போட்டு வைத்துக்கொண்டு அந்தத் தெருவுக்கே திரும்பப் போவேன். ஆளைத் தெரியாவிட்டால் டீக்கடையில் காட்டினால் போதும். "இது நம்ம சம்முகத்தாச்சி வீட்டுப் பக்கத்து ஆளுல்லா" என்று கூட்டிக்கொண்டே போய்விடுவார்கள். ஒரு கொடையில் பொங்கல் விட்டுக்கொண்டிருந்த ஒரு ஆச்சியை, புகையில் கண்ணைச் சுருக்கிச் சிரித்தபடி எடுத்துக் கொடுத்திருந்தேன். பிறகு ஒருநாள் அந்த ஊர் வழியாகப் போகும்போது சுவரெல்லாம் கண்ணீர் அஞ்சலி போஸ்டர், அதில் அந்தப் படம். புகையை வெட்டிவிட்டு, பின்னால் நீலத்தில் மேகம் போட்டிருந்தார்கள். மகன் என்னைக் கண்டதும் கையைப் பிடித்துக்கொண்டார். அம்மாவுக்கு ஆதார் அட்டைப் படத்தை விட்டால் வேறு படமே கிடையாது என்றார்.

நமக்கு முன்னால் இந்த வேலையைச் செய்தவர்கள் ஸ்டூடியோக்காரர்கள்தான். ரோலுக்குப் பன்னிரண்டு படம் என்று எண்ணி எண்ணி எடுத்த காலத்திலும் சப்பரத்துக்கு முன்னால், பள்ளிக்கூட ஆண்டு விழாவில், சங்கக் கட்டடத் திறப்பில் ஒரு குரூப் போட்டோ எடுத்துவைத்தார்கள். அந்த நெகட்டிவ்கள் நம் வெக்கையிலும் மழை ஈரத்திலும் அழிந்துகொண்டிருக்கின்றன. பழைய அசிட்டேட் ஃபிலிம் பெட்டியைத் திறந்தால் புளித்த காடி வாடை அடிக்கும். அடித்தால் அது கெடத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம், பக்கத்தில் உள்ளதையும் கெடுத்துவிடும், உடனே பிரித்து வைத்து ஸ்கேன் எடுக்க வேண்டும். வீட்டில் பழைய படம் இருந்தால் பின்பக்கம் பெயர் எழுதிவையுங்கள். பழைய கறுப்பு வெள்ளைக்குப் பென்சில் போதும், மெதுவாக எழுத வேண்டும். பிளாஸ்டிக் பூச்சுள்ள கலர் பிரிண்டில் பென்சில் பிடிக்காது, அதற்கு மார்க்கர் பேனா. பால்பாயிண்ட் பேனா இரண்டுக்கும் ஆகாது, அழுத்தம் முன்பக்கம் முகத்தில் தெரியும்.

மூடிப்போன ஒரு ஸ்டூடியோவின் பெட்டி இப்போது என்னிடம் இருக்கிறது. அதில் தசரா சப்பரத்துக்கு முன்னால் நிற்கும் இளவட்டங்களின் படம் ஒன்று. பிரிண்ட் போட்டுப் பாளையங்கோட்டையில் அந்தத் தெருவுக்கே கொண்டுபோனேன். திண்ணையில் இருந்த ஒரு பெரியம்மா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு ஒவ்வொருவராகச் சொல்லிக்கொண்டே வந்தார். இவன் என் கொழுந்தன், இவிய பால்பண்ணை வச்சிருந்தாவ, இவன் மிலிட்டரிக்குப் போனவன். நோட்டில் எழுதிக்கொண்டேன். இடது ஓரத்தில் கட்டம் போட்ட சட்டை, கையில் டேப்ரிக்கார்டர் வைத்திருப்பவரை மட்டும் அவருக்குத் தெரியவில்லை. அந்தத் தெருவில் அந்தக் காலத்தில் இருந்தவர்கள், இல்லை அவர்கள் பிள்ளைகள், யாராவது இதைப் படித்தால் ஒரு எட்டு வந்து பாருங்கள். புரட்டாசியில் பத்து நாளும் சாயங்காலம் சப்பரங்கள் பக்கத்தில்தான் இருப்பேன், படம் பையில் இருக்கும்.